லைன் பாஞ்சாலையும் பாதியில் நின்ற கிரிக்கெட் ஆட்டமும்

திருவண்ணாமலையில் வீட்டு இன்டர்நெட் அறுந்துபோனால் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஓடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் பாஞ்சாலைக்குப் போன் போடுவார்கள். பின்பக்கம் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய ஸ்கூட்டரில், தோளில் பையோடு அவள் தெருமுனையில் திரும்பும்போதே, "லைன் பாஞ்சால வந்துடுச்சி, இனிமே கவலையில்ல" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அது அவள் காதிலும் விழும். விழாததுபோல் அவள் நடிப்பதில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டுதான் வண்டியை நிறுத்துவாள்.

அந்தப் பெயர் அவளுக்கு இன்டர்நெட்டால் வந்ததில்லை. அதற்கும் முன்னால், 1989இல் வந்தது. பாஞ்சாலை அடி அண்ணாமலைக்காரி. சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலை எடுத்துக்கொண்டது. பத்தாவது தேறிய பிறகு, ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. கண்ணாடிக் கூண்டு, ஒரு போன், ஒரு மீட்டர், ஒரு நாற்காலி. சாதாரண நாட்களில் வியாபாரிகள் வருவார்கள். பௌர்ணமியன்று மலை சுற்றி முடித்தவர்கள் கால் வலியோடு வரிசையில் நின்று, ஊருக்குப் போன் போட்டு "சுத்திட்டோம், பஸ் ஏறப்போறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தக் கூட்டத்தில் லைன் அறுந்தால் திட்டு வாங்குவது பாஞ்சாலைதான். அதனால் அவள் லைனைக் காது கொடுத்துக் கேட்கப் பழகினாள். மழை ஈரம் இறங்கிய லைன் ஒரு மாதிரி கரகரக்கும். இணைப்பு தளர்ந்த லைன் காற்றடிக்கும்போது மட்டும் டிக் டிக்கென்று வெட்டும். மரக்கிளை உரசுகிற லைன் இன்னொரு மாதிரி. யாரும் சொல்லித் தரவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, எந்தச் சத்தத்துக்கு எந்தக் கம்பத்தில் ஏறிச் சரிசெய்தார்கள் என்பதை லைன்மேன்களிடம் கேட்டுக் கேட்டு மனதில் அடுக்கிக்கொண்டாள். சில வருடங்களில் அவள் புகார் சொல்கிற விதமே மாறிவிட்டது. லைன் வேலை செய்யவில்லை என்று சொல்லமாட்டாள். புளியமரத்துக் கம்பத்தில் இணைப்பு விட்டிருக்கிறது, ஏணி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பாள். வந்து பார்த்தால் விட்டிருக்கும். லைன்மேன்கள் வைத்த பெயர்தான் லைன் பாஞ்சாலை.

கைபேசி வந்ததும் பூத்துகளுக்கு வேலை போனது. பக்கத்துப் பூத்துக்காரர்கள் செருப்புக்கடையும் ஜூஸ் கடையும் வைத்தார்கள். பாஞ்சாலை செங்கம் ரோட்டில் ஓர் அறை எடுத்து இரண்டு பழைய கம்ப்யூட்டர்களைப் போட்டு பிரவுசிங் சென்டர் என்று பலகை மாட்டினாள். ஆசிரமங்களுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அங்கே மெயில் பார்க்க வருவார்கள். கம்ப்யூட்டர் அவளுக்குப் புதிது. ஆனால் அதற்குள் போகிற லைன் பழைய லைன்தானே. சுவருக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டாள். கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டாள். அப்போது தனக்குத்தானே ஒரு சட்டம் வகுத்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். அப்படிச் சரியானது மறுபடியும் கெடும்.

பிறகு வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வந்தது. அதன் பின்னாலேயே, டி.வி.யில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டிகள் வந்தன. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறவர்கள் வாங்கி வந்தார்கள். அடுத்த ஊரில், அடுத்த தேசத்தில் இருப்பவனோடு இங்கே உட்கார்ந்தபடி ஆடலாம். ஆனால் லைன் ஒரு நொடி விட்டால் ஆட்டம் போய்விடும். கம்ப்யூட்டரில் செய்தி படிப்பவருக்கு அந்த ஒரு நொடி தெரியவே தெரியாது. பக்கம் கொஞ்சம் மெதுவாக வந்தது என்று நினைத்துக்கொள்வார். கேம் ஆடுகிறவன் அந்த இடத்திலேயே கத்துவான். ஊரில் மற்ற ரிப்பேர்க்காரர்கள் இந்த வீடுகளுக்குப் போகத் தயங்கினார்கள். நச்சுப்பிடித்த வேலை என்றார்கள். பாஞ்சாலைக்கு அதுதான் பிடித்தது. கேம் பெட்டி பொய் சொல்லாது என்பாள். லைனில் மயிரிழை குறை இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வேலையில் அவளுக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, சரிசெய்த பிறகு முழுசாக ஓர் ஆட்டம் ஆடவைத்துப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டாள். காபி ஆறினாலும், அடுத்த வீட்டிலிருந்து போன் வந்தாலும் ஆட்டம் முடிய வேண்டும். இன்னொன்று, கேம் பெட்டிக்கு ஒரு நிலையான எண் கொடுப்பாள். வீட்டிலுள்ள ரூட்டர் தன்னிடம் வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு எண்ணை அதுவாகக் கொடுக்கும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று. கேம் பெட்டிக்கு அது ஒத்துவராது. ஆகவே ரூட்டர் தொடாத எண்களிலிருந்து ஒன்றை எடுத்து நிரந்தரமாகப் போட்டுவிடுவாள். அந்த எண்ணை அவளாகப் போடமாட்டாள். நூறுக்கு மேல், இருநூறுக்குள் உங்களுக்கு மறக்காத நம்பர் ஒன்று சொல்லுங்கள் என்று வீட்டுக்காரர்களைக் கேட்பாள். பின்னால் போனில் பேசும்போது அவர்களே சொல்ல வேண்டுமல்லவா. ஒருவர் பஸ் நம்பர் சொல்வார், ஒருவர் பழைய வீட்டுக் கதவு எண் சொல்வார். கீழ்பென்னாத்தூர் காசி சொன்னது நிலத்தின் சர்வே நம்பர். நூற்றுப் பன்னிரண்டு.

காசி பரம்பரை விவசாயி. நெல்லும் வேர்க்கடலையும் போட்டவர். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் மாடி வீடு கட்டிக் குடிவந்தார். மூத்தவன் சகாதேவன் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருந்தான். குடும்பத்தோடு மாடியில் இருந்தான். இளையவன் புகழேந்தி இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை பார்த்தான். காசிக்கும் அவனுக்கும் போனில் பேச்சே ஓடாது. சாப்டியா, சாப்டேன், அங்க மழையா, இங்க வெயிலு. அதற்கப்பால் இரண்டு பேருக்கும் வாய் வராது. மனைவி தங்கம்மாள்தான் போனைப் பிடுங்கிப் பேசுவாள்.

2009இல், ஊருக்கு வந்த நண்பனிடம் புகழேந்தி ஒரு கேம் பெட்டி கொடுத்தனுப்பினான். அதே மாதிரி அவனிடமும் ஒன்று இருந்தது. அதில் ஒரு கிரிக்கெட் ஆட்டம். காசி அந்தக் காலத்தில் ஊர் அணிக்கு முதல் ஆட்டக்காரர். கட்டைவிரல் கன்றிப்போகும் வரை பழகி, மாதத்துக்குள் மகனுக்கு ஈடுகொடுக்க ஆரம்பித்தார். நம் ஊரில் பொழுது சாய்கிற நேரம் அவனுக்கு அங்கே நடுப்பகல். தூங்கி எழுந்து உட்காருவான். காதில் மைக்கை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஆடும்போது பேச்சு தானாக வந்தது. பந்து போடுகிற இடைவெளியில் அவன் வேலையைப் பற்றிச் சொல்வான், இவர் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்வார். தங்கம்மாள் சமையலறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே குழம்பு கொதிக்கவிடுவாள்.

பாஞ்சாலைதான் அந்த இணைப்பைப் போட்டுக் கொடுத்தவள். சுவரோரமாக ஒயர் இழுத்து, நூற்றுப் பன்னிரண்டைப் போட்டு, முழு ஆட்டம் பார்த்துவிட்டுப் போனாள். சில மாதம் நன்றாக ஓடியது. தீபம் முடிந்த கையோடு கோளாறு ஆரம்பித்தது.

ஆட்டம் பாதியில் அறுந்தது. அதுவும் எந்த நேரத்தில் என்றால், காசி இரண்டாவதாக மட்டை பிடித்து, விக்கெட்டுகள் விழுந்து, ரன் தேவை ஏறிக்கொண்டே போகிற நேரத்தில். திரையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வரும். அந்தப் பக்கம் புகழேந்தியின் திரையில், எதிராளி ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார் என்று வரும். முதல் தடவை கரண்ட் போய்விட்டது என்றார் காசி. அப்போது மின்வெட்டுக் காலம், மகன் நம்பினான். இரண்டாவது தடவையும் நம்பினான். அடுத்தடுத்து நடந்தபோது அவன் குரலில் சிரிப்பு வந்தது. அவனோடு தங்கியிருந்த பையன்கள் காசிக்குப் பவர்கட் நைனா என்று பெயர் வைத்துவிட்டார்கள். தோற்கிற நேரம் பார்த்துத்தான் வேங்கிக்காலில் கரண்ட் போகுமா என்று பின்னால் நின்று கேட்டார்கள். அது காசியின் காதில் மைக் வழியாக அப்படியே விழுந்தது.

வீட்டிலும் ஆதரவு இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் தோற்கப்போனால் கல்லைக் கலைத்துவிட்டு எழுந்துபோகிறவர் இவர் என்பது தங்கம்மாளுக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லியும் காட்டினாள். அவர் எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒருநாள் புகழேந்தி, "பரவால்ல நைனா, தோக்கறது புடிக்கலன்னா இனிமே ஆட வேணாம், சும்மா பேசலாம்" என்றான். சும்மா பேசினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

பாஞ்சாலையைக் கூப்பிட்டார்கள். அவள் காலையில் வந்தாள். மோடத்துக்கு வருகிற லைனைக் காதில் வைத்துக் கேட்டாள். வாசலில் இருந்த பழைய இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வெட்டிப் புதிதாகப் போட்டாள். மகன் வேலையில் இருந்த நேரம் என்பதால், முகம் தெரியாத யாரோடோ முழு ஆட்டம் ஆடவைத்தாள். அறவில்லை. போனாள். அன்று மாலை அறுந்தது.

மறுபடியும் வந்தாள். சாயங்காலம்தான் அறுகிறது என்றார்கள். சாயங்காலம் என்றால் தெரு முழுக்க விளக்கும் மோட்டாரும் ஓடும், மின்சாரம் கம்மியாகும், மோடம் தடுமாறும் என்று அவள் யோசித்தாள். தப்பான யோசனை இல்லை. அந்தப் பக்கத்துப் பல வீடுகளில் அதுதான் குறை. மோடத்துக்கு மின்சாரம் கொடுக்கிற அடாப்டரை மட்டும் மாற்றினாள். வீட்டில் வேறு யாராவது இன்டர்நெட் வைத்திருக்கிறார்களா, மேலே என்ன இருக்கிறது என்று விசாரித்தாள். மேலே ஒன்றும் இல்லை, படுத்துத் தூங்குவதோடு சரி என்றாள் தங்கம்மாள். மாடிப்படி வெளியே இருந்தது; கைப்பிடி வைக்காத செங்குத்துப் படி. பாஞ்சாலை அதை ஒருமுறை பார்த்தாள். சரி என்று விட்டுவிட்டாள். முழு ஆட்டம் ஓடியது. அன்று மாலையும் அறுந்தது.

இரண்டு தடவை போயும் தீராத வீடு அவள் கணக்கில் வேறு எதுவும் கிடையாது. கம்பெனிக்காரர்கள் லைன் சுத்தமாக இருக்கிறது, பெட்டியில்தான் கோளாறு என்றார்கள். வேறு பெட்டி வாங்கலாம் என்று சகாதேவன் சொன்னான். காசி பாஞ்சாலைக்கு அவரே போன் செய்தார். பெட்டி மாற்றுகிற பேச்சை அவர் எடுக்கவில்லை.

"யம்மா, ஆட்டம் நின்னு போவட்டும், அதில்ல. எம் பையன் என்னை ஓடிப்போறவன்னு நெனச்சிகினு இருக்கான். ஒரே ஒரு ஆட்டம், கடைசி வரைக்கும் நின்னு தோக்கணும். அதுக்கு வழி பண்ணு."

ஜெயிக்க வழி கேட்டு ஆயிரம் பேர் வருவார்கள். தோற்க வழி கேட்டவர் இவர் ஒருவர்தான். பாஞ்சாலைக்கு அது நன்றாகப் புரிந்தது. அவளும் இரண்டு தடவை தோற்றுவிட்டு, எதனால் என்று தெரியாமல் நின்றவள்தான். நாளை ஆட்ட நேரத்துக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் எல்லோரும் என்றைக்கும் செய்வதை அப்படியே செய்யுங்கள், எனக்காக எதையும் மாற்றாதீர்கள் என்றாள்.

மறுநாள் பொழுது சாய வந்து, டி.வி.க்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். காசி ஆடுவதை அவள் பார்க்கவில்லை. மோடத்தையும் ரூட்டரையும்தான் பார்த்தாள். இரண்டிலும் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள். லைன் விட்டால் எது அணையும், எது மினுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தங்கம்மாள் வழக்கம்போல் விளக்கேற்றினாள், குக்கர் வைத்தாள், போனில் தங்கச்சியோடு பேசினாள். ஒன்றும் ஆகவில்லை. தெருவில் மோட்டார் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பக்கம் புகழேந்தி அடித்துத் தள்ளிவிட்டு, நைனா இன்னிக்கு எத்தனை ஓவருக்குக் கரண்ட் இருக்கும் என்று கேட்டான். காசி பல்லைக் கடித்துக்கொண்டு மட்டையைப் பிடித்தார்.

வெளியே பைக் வந்து நின்றது. சகாதேவன் கடையை மூடிவிட்டு வந்திருந்தான். உள்ளே எட்டிப் பார்த்து பாஞ்சாலை அக்காவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மாடி ஏறினான். காசிக்கு இரண்டு விக்கெட் போனது. கொஞ்ச நேரம் கழித்து ரூட்டரில், அதுவரை சும்மா இருந்த விளக்கு ஒன்று துடிக்க ஆரம்பித்தது. ஒயர் இல்லாமல் யாரோ உள்ளே வந்தால் துடிக்கிற விளக்கு அது. பாஞ்சாலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் காசி, "போச்சு" என்றார்.

மோடத்தின் விளக்கு ஒன்றுகூட அசையவில்லை. லைன் கல் மாதிரி நின்றுகொண்டிருந்தது. ஆட்டம் மட்டும் அறுந்திருந்தது. ஆக, குறை தெருவில் இல்லை, கம்பத்தில் இல்லை, பெட்டியிலும் இல்லை. வீட்டுக்குள் இருந்தது. பாஞ்சாலைக்கு முதலில் வந்தது கோபம். வேறு யார் மேலும் இல்லை, அந்தப் படியை அன்றைக்கு ஏறாமல் விட்ட தன் மேல்.

வாசலுக்கு வந்து மாடியைப் பார்த்து, "தம்பி, மேல இப்ப இன்னா போட்ட?" என்று கேட்டாள்.

லேப்டாப் அக்கா, கடைக் கணக்குக்கு வாங்கினேன், கீழே எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றான் சகாதேவன்.

"வாணாம். இருக்கற எடத்துலயே இருக்கட்டும், தொடாத. நான் வர்றேன்."

காசி, இவன் எடுத்து வரட்டும்மா என்று தடுத்தார். பாஞ்சாலை கேட்கவில்லை. நகர்த்திய சாமானில் குறை கண்டுபிடிக்க முடியாது என்பது ஒன்று. இந்தப் படிக்கு ஒரு பாக்கி வைத்திருக்கிறோம் என்பது இன்னொன்று. சுவரில் ஒரு கையை ஊன்றி, காலிப்பர் மாட்டிய காலை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து ஏறினாள். தங்கம்மாள் பின்னாலேயே வந்து, விழுந்தால் தாங்க என்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

லேப்டாப் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் நின்றுகொண்டிருந்தது. இதே எண்ணை வேறொரு சாமான் வைத்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது தினமும் வருகிறதா என்று கேட்டாள். தினமும்தான் அக்கா, விளம்பரம் என்று மூடிவிடுவேன், நெட் அப்புறம் வரும் போகும் என்றான் அவன். பாஞ்சாலை செட்டிங்குக்குள் போய் அந்த லேப்டாப்பின் எண்ணைத் திறந்து பார்த்தாள். கடைசியில் நூற்றுப் பன்னிரண்டு.

அவள் சிரிக்கவில்லை. யார் போட்டது என்று மட்டும் கேட்டாள்.

"நான்தாங்க்கா. நீங்க அன்னிக்கு நைனாகிட்ட கேட்டு கீழ போட்டீங்களே, பாத்துகினு இருந்தேன். நம்பர் குடுத்தாதான் லைன் நிக்கும்னு சொன்னீங்க. லேப்டாப் வாங்கனதும் நானே அதையே போட்டேன். ஒரே வீடு, ஒரே நம்பர்தானே."

அவன் சொன்னதில் ஓர் ஒழுங்கு இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு என்பது வெறும் எண் இல்லை. அண்ணன் தம்பி இருவருடைய வண்டி நம்பரிலும் அதைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். உரக்கடைப் பூட்டின் எண்ணும் அதுதான். ஒரு நிலத்துக்கு ஒரு நம்பர், அந்த நம்பருக்குக் கீழே அப்பனும் பிள்ளைகளும் எல்லோரும் அடக்கம். கம்ப்யூட்டருக்கு மட்டும் வேறாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? பாஞ்சாலையும் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. மறக்காத நம்பர் கேட்டாளே தவிர, இந்த நம்பர் இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் என்று சொல்ல மறந்திருந்தாள். அதை அவள் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டாள்.

படியருகே வந்து நின்ற காசிக்கு, மேலிருந்தே விளக்கிச் சொன்னாள். ரூட்டர் தபால்காரர் மாதிரி. உங்கள் பையன் போடுகிற பந்து நூற்றுப் பன்னிரண்டு என்ற விலாசத்துக்கு வருகிறது. அதுவரை அந்த விலாசத்தில் நீங்கள் ஒருவர்தான். தம்பி வந்து லேப்டாப்பைத் திறந்ததும் மாடியிலிருந்தும் நான்தான் நூற்றுப் பன்னிரண்டு என்று ஒரு குரல் வருகிறது. தபால்காரர் கடைசியாகக் கூப்பிட்டவர் பக்கம் திரும்பிவிடுகிறார். பந்து மாடிக்குப் போகிறது. நீங்கள் மட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறீர்கள்.

காசி மாடியில் நின்ற மகனைப் பார்த்து, "நான் தோக்கற நேரம் பாத்துதான் கடைய மூடிகினு வருவியாடா?" என்றார்.

"நீங்க ஏன் நைனா நான் வர்ற நேரம் பாத்து தோக்கறீங்க?" என்றான் சகாதேவன்.

தங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டில் ஒன்றுக்கு எண்ணை மாற்ற வேண்டும். யார் நூற்றுப் பன்னிரண்டை விடுவது என்று கேட்டபோது ஒரு சின்னப் பஞ்சாயத்தே நடந்தது. மூத்தவன் நான், எனக்குத்தான் என்றான் சகாதேவன். பட்டா இன்னும் என் பேரில்தான் இருக்கிறது, நான் கண்ணை மூடின பிறகு எடுத்துக்கொள் என்றார் காசி. கடைசியில் சகாதேவன் விட்டுக்கொடுத்தான். நூற்றுப் பதின்மூன்றைப் போடுங்கள் அக்கா என்றான். அது வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற சித்தப்பா நிலம். இவ்வளவு நாளாக அவரிடம் ஒரு சாண் வரப்பு வாங்க முடியவில்லை, இன்றைக்கு மொத்த நிலத்தையும் பிடித்துவிட்டேன் என்று அவன் சொன்னபோது காசிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாஞ்சாலை எண்ணை மாற்றினாள். வேறெதையும் தொடவில்லை. லேப்டாப்பை அணைத்து, மறுபடியும் போடச் சொன்னாள். ஓரத்துக் கட்டம் வரவில்லை. கீழே இறங்கி வந்து, அவனை மேலே கணக்குப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஆட்டத்தைப் புதிதாக ஆரம்பிக்கச் சொன்னாள்.

புகழேந்திக்கு நம்பிக்கை இல்லை. வேலைக்குப் போவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று ஆரம்பித்தான். இந்தத் தடவை குரல் டி.வி.யிலேயே கேட்கும்படி வைத்தாள் பாஞ்சாலை. அவன் முதலில் அடித்தான். பின்னால் அவன் கூட்டாளிகளின் பேச்சுச் சத்தம் கேட்டது. காசி மட்டை பிடித்தார். மேலே லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. ரூட்டரில் அந்த விளக்கு துடித்துக்கொண்டேயிருந்தது; பாஞ்சாலை அதையே பார்த்தாள். விக்கெட்டுகள் விழுந்தன. ரன் தேவை ஏறியது. ஒவ்வொரு முறையும் ஆட்டம் அறுகிற இடம் வந்தது. தங்கம்மாள் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். காசி ஒரு பந்தைத் தடுத்தார், அடுத்ததை அடித்தார். அந்த இடம் தாண்டிப் போனது.

அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் குறைந்தது. நைனா இன்னும் இருக்காரா என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. இருக்காருடா என்று புகழேந்தி சொன்னதும் கேட்டது.

கடைசி ஓவரில் பதினெட்டு ரன் வேண்டும். அது வராது என்று எல்லோருக்கும் தெரியும். காசிக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஒவ்வொரு பந்தையும் நின்று ஆடினார். ஒரு நான்கு போனது. ஒன்று வீணானது. கடைசிப் பந்துக்குப் பத்துக்கு மேல் தேவைப்பட்டபோதும், கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு, பந்து வரும்வரை காத்திருந்து, மட்டையை வீசினார். ஸ்டம்பு பறந்தது.

திரையில் புகழேந்தியின் அணி ஜெயித்ததாக வந்தது. அதன்பின் இரண்டு அணி ஆட்டக்காரர்களும் வரிசையாக நடந்துவந்து கை குலுக்கிக்கொண்டார்கள். மகனோடு ஆடி ஒரு ஆட்டத்தை இந்த இடம்வரை கொண்டுவந்து பார்த்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. காசி அந்தப் பொம்மை ஆட்கள் கை குலுக்கி முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"நைனா, தோத்துட்டீங்க" என்றான் புகழேந்தி. அவன் குரலில் கேலி இல்லை.

"ஆமாண்டா. கடைசிப் பால் வரைக்கும் நின்னு தோத்தேன். உங்கூட்டாளிங்க யாரு அங்க இருக்காங்களோ அவங்ககிட்ட சொல்லு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீயே கண்ணால பாத்தேன்னு சொல்லு" என்றார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பாஞ்சாலை சட்டென்று மோடத்தைப் பார்த்தாள். விளக்குகள் அசையாமல் எரிந்தன. லைன் அறவில்லை, பையன்தான் பேசாமல் இருந்தான். அப்புறம், தப்பா நெனச்சிட்டேன் நைனா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, உடனே பேச்சை மாற்றி, நாளைக்கு அவரையே முதலில் மட்டை பிடிக்கச் சொன்னான்.

காசி மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். எதிர்வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தி, பையனிடம் தோற்றுவிட்ட கதையை முதல் ஓவரிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பாஞ்சாலை தன் பையில் சாமான்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே அந்தக் குரலைக் கேட்டாள். வீட்டுக்காரர்கள் எத்தனையோ விதமாகத் தன் வேலையை மெச்சிச் சொல்லக் கேட்டிருக்கிறாள். இந்த மாதிரி கேட்டதில்லை.

"தோத்ததைத் தெருவுக்கெல்லாம் சொல்லிகினு நிக்கற ஆளை நான் எங்கியும் பாத்ததில்ல" என்றாள் தங்கம்மாள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பாஞ்சாலைக்குத் தட்டு எடுத்து வைத்தபடி.

"முழுசா தோத்திருக்காரும்மா, சொல்லட்டும்" என்று பாஞ்சாலை உட்கார்ந்தாள்.